வேண்டுதல் வாத்தியார்

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்து, நாற்பத்தேழு வயது வரைக்கும் ஒரு தடவைகூட மலையைச் சுற்றாத மனிதர் யாராவது உண்டா என்று கேட்டால், ஊர்க்காரர்கள் யோசிக்காமல் மாறன் சாரைக் காட்டுவார்கள். சும்மா சுற்றாமல் இருந்தாலாவது பரவாயில்லை. சுற்றுகிறவர்களை வழியில் நிறுத்திக் கேள்வி வேறு கேட்பார். "பதினாலு கிலோமீட்டர் நடந்து, பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேர்றதுக்கு எதுக்குய்யா நடக்கணும்? பேசாம அங்கயே ஒக்காந்துக்கலாமே!" என்பார். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். முறைக்கிறவர்கள், நம்ம பிள்ளைக்கு வாத்தியாராச்சே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போவார்கள்.

அப்பா வைத்த பெயர் அருணாசலம். கல்லூரியில் படிக்கும்போதே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மாறன் ஆகிவிட்டார். ஊரில் பகுத்தறிவு மன்றம் என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்கு மேஜை நாற்காலியெல்லாம் தன் வீட்டிலிருந்தே கொண்டுபோய்ப் போட்டு, தலைவராகவும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் கறுப்புச் சட்டைதான். அவருடைய மனைவி சரோஜாவோ மாசம் தவறாமல் மலை சுற்றுகிறவள். "அவரு பாவத்துக்கும் சேத்து நானே நடந்துடறேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வாள். அந்த வீட்டில் சண்டை வந்ததே இல்லை. இரண்டு பேருக்கும் அவரவர் வேலை இருந்தது.

எண்பத்தொன்பதில் வட ஆற்காட்டை இரண்டாகப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். ஊரே மிட்டாய் தின்றது. அரசுப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த மாறன் சாருக்கு மட்டும் மிட்டாய் இறங்கவில்லை. "கலெக்டர் வந்துட்டாரு, சரி. இந்த ஊர்ப் புள்ள எப்ப கலெக்டராவும்?" என்று ஆசிரியர் அறையில் கேட்டார். மற்றவர்களுக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது, குடித்தார்கள்.

அதற்கு முந்தின வருஷம் ஒரு பயிற்சிக்காக டெல்லி போயிருந்தார் சார். அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குள் வழி தெரியாமல் நுழைந்துவிட்டார். படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி, தலை நரைத்த பேராசிரியரிடம், "நீங்க சொல்றது தப்பு" என்று ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருந்தாள். பேராசிரியர் கோபப்படவில்லை. கையில் டீயோடு சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். நம் ஊரில் அப்படிக் கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்கள். அந்தப் படிக்கட்டில் என் பிள்ளைகளையும் உட்காரவைக்காமல் விடமாட்டேன் என்று அன்றைக்கே அவருக்குள் ஒரு வெறி ஏறிவிட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேங்கிக்காலில் இருந்த அவர் வீட்டில் வகுப்பு. காசு கிடையாது, சரோஜாவின் சுண்டல் உண்டு. பாடம் நடத்துகிற முறையே விநோதம். வேண்டுமென்றே தப்பாக ஒன்றைச் சொல்வார். பிள்ளைகள் எழுந்து மறுக்க வேண்டும். தலையாட்டுகிற பிள்ளையைக் கண்டால் அவருக்கு ஆகாது. "இன்னா, நான் சொன்னா சரியா? நான் யாரு, சாமியா?" என்று எரிந்து விழுவார்.

முதல் மூன்று வருஷம் ஒரு பிள்ளையும் டெல்லி நுழைவுத் தேர்வில் தேறவில்லை. ஆனால் வாதாடக் கற்றுக்கொண்டார்கள். அதை எங்கே காட்டுவார்கள், வீட்டில்தானே? பொங்கல் வைக்கிற நேரத்தில், "எதுக்கும்மா கெழக்கால பாத்து வைக்கணும்?" என்று கேட்டு அடி வாங்கியவர்கள் உண்டு. பெற்றவர்கள் தலைமையாசிரியரிடம் போய் அழுதார்கள்.

தொண்ணூற்று மூன்றில்தான் தென்றல் தேறினாள். கீழ்பென்னாத்தூர்ப் பெண். அப்பா தருமன் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி. டெல்லியிலிருந்து கடிதம் வந்த அன்றைக்கு மாறன் சார் தெருவில் போனவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். சாயங்காலம் தருமன், ஒரு மூட்டை மல்லாட்டையோடு மகளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், ஒரு சிக்கல் ஆயிப்போச்சு."

"இன்னா சிக்கல்? பொட்டி வாங்கணுமா?"

"அது இல்ல சார். சாமிக்கு வாக்கு குடுத்துட்டேன். பொண்ணுக்கு சீட்டு கெடச்சா, ஒரு வருசம் பௌர்ணமி தவறாம அவ மலை சுத்துவான்னு வேண்டிக்கினேன்."

மாறன் சாருக்கு இது மண்டையில் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. சீட்டு டெல்லியில். மலை இங்கே. பௌர்ணமியோ மாசா மாசம் வந்துவிடும்.

"யோவ், டெல்லி எங்க இருக்குதுன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"தெரியாது சார். அதனாலதான சாமிகிட்ட சொன்னேன்."

"சரி, நீ நடப்பேன்னு வேண்டிக்கினு இருக்கக் கூடாதா?"

"படிக்கப் போறது அவளாச்சே சார். அவளுக்கு பதிலா நான் நடந்தா, அவ பரிச்சய நான் எழுதின மாரி ஆயிடாது?"

இருபது வருஷம் பரீட்சைக் கூடத்தில் காப்பி அடிக்கிறவர்களைப் பிடித்தவர் அந்தப் பேச்சை அதோடு விட்டார். லீவுக்கு லீவு வந்து சுற்றட்டுமே என்றார். தொடர்ச்சியாச் சொல்லிட்டேன் என்றார் தருமன். இது மூடநம்பிக்கை என்று சார் ஆரம்பித்து, மன்றத்தில் பேசுகிற பேச்சு முழுவதையும் பேசி முடித்தார். தருமன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சார், என் பொண்ணு கண் காணாத ஊருக்குப் போறா. அங்க எனக்கு யாரத் தெரியும்? இந்தச் சாமிய மட்டுந்தான் தெரியும். அவரையும் ஏமாத்திட்டு நான் எப்டி சார் அவள அனுப்பறது?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வகுப்பில் புலியாக நிற்கிற தென்றல் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குப் போவணும் சார்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஒரு காட்சியை ஊர் பார்த்தது. மாறன் சார் பெரிய கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை, வாசலோடு சரி. பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே பெஞ்சில் படித்த குருக்கள் ஒருவரைக் கூப்பிட்டனுப்பியிருந்தார்.

"வாடா, வா! முப்பது வருஷம் கழிச்சு வாசல் வரைக்கும் வந்துட்டியே!" என்றார் குருக்கள். அந்தப் பெண்ணுக்குப் பதில் வேறு யாராவது சுற்றலாமா என்று மாறன் சார் கேட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மூக்குப்பொடியை நிதானமாக உறிஞ்சிக்கொண்டு யோசித்தார். "படிப்புக்காக வேண்டிண்டது. அப்போ படிப்பு சொல்லிக் குடுத்தவன் சுத்தினா செல்லும். வேற யார் சுத்தினாலும் செல்லாது. வெறுங்கால்லதான் நடக்கணும். ஒரு பௌர்ணமிகூட விடக் கூடாது. நடக்கறச்சே வாயில அரசியல் வரப்படாது" என்றார். இதில் சாஸ்திரம் எவ்வளவு, பழைய பகை எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

சரோஜாவிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், "கால்ல நல்லெண்ண தடவிக்குங்க, இல்லன்னா கொப்புளம் போடும்" என்றாள்.

தருமனுக்குப் பூரண சம்மதம். "சார் நடந்தா அது எம் பொண்ணு நடந்ததுக்கும் மேல" என்று காலில் விழப் போனார். தென்றல் ரயில் ஏறினாள். அந்த ஆடிப் பௌர்ணமிக்கு மாறன் சார் வெள்ளைச் சட்டை ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு, செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, தலையில் ஒரு துண்டையும் போட்டுக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார். அத்தனை ஆயிரம் ஜனத்தில் தன்னை எவன் பார்க்கப்போகிறான் என்று ஒரு நம்பிக்கை. இருபது வருஷமாக அந்த ஊரில் பாடம் நடத்தியவர் அந்தக் கணக்கை எப்படித் தப்பாகப் போட்டார் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஈசான்ய லிங்கம் தாண்டுவதற்குள் இளநீர்க் கடையிலிருந்து ஒரு வணக்கம். செங்கம் ரோட்டில் மோர்ப் பந்தலிலிருந்து ஒரு வணக்கம். அடி அண்ணாமலையில் ஒரு பையன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, "சார், நீங்களா! நான் எட்டாவதுல உங்ககிட்ட ஒதை வாங்கினவன் சார்!" என்று கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். துண்டு வெறும் பாரமாகத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வழியில் இருந்த எட்டு லிங்கத்தில் எதன் முன்னாலும் கை கூப்பவில்லை. விபூதி நீட்டியவர்களைத் தாண்டிப் போனார். ஒவ்வொரு சந்நிதி வரும்போதும் எதிர்ப்பக்கம் இருந்த கடையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். "காலத்தான் குடுத்தேன், வாயக் குடுக்கல" என்று வீட்டுக்கு வந்து, வெந்நீரில் பாதத்தை வைத்துக்கொண்டு சரோஜாவிடம் சொன்னார்.

மன்றத்துச் செயலாளர் பலராமன் அடுத்த ஞாயிறு கூட்டத்தைக் கூட்டினார்.

"தோழர், பௌர்ணமி அன்னிக்கு மலை சுத்தினீங்களா?"

"நடந்தேன். ஒடம்புக்கு நல்லது."

"செருப்பு எங்க தோழர்?"

மாறன் சார், ஒரு பெண்ணுடைய படிப்புக்காக என்று உண்மையைச் சொன்னார். கொள்கைக்கு விதிவிலக்கு கிடையாது என்று அவர் எழுதி வைத்த விதியையே எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினார்கள். தலைவர் பதவி போயிற்று. மன்றம் போயிற்று. மேஜை நாற்காலி மன்றத்திலேயே இருந்துவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியில், யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு உலகத்தில் நண்பர்கள் என்று இருந்தவர்கள் அவர்கள்தான்.

ஒரு வருஷம் எப்படியோ ஓடியது. தென்றல் முதல் வகுப்பில் தேறினாள். படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பேராசிரியரோடு சண்டை போட்டதாக எழுதியிருந்தாள். சார் அதை மூன்று தடவை படித்தார். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

தீரவில்லை. அந்த வருஷம் இரண்டு பெண்கள் தேறினார்கள். இரண்டு அப்பாக்களும் சொல்லிவைத்தாற்போல வந்து நின்றார்கள். இந்தத் தடவை வேண்டுதலில் பெண்களை இழுக்கவே இல்லை. "சீட்டு கெடச்சா மாறன் சார் சுத்துவாருன்னு வேண்டிக்கினோம் சார்" என்றார்கள்.

"என்னைக் கேக்காம என் கால எப்டிய்யா வேண்டிக்கினீங்க?" என்று குதித்தார் மாறன் சார்.

"சாமிகிட்ட சொல்லியாச்சே சார்" என்று பணிவாகச் சொன்னார்கள். வாக்கு தவறினால் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒரே நடையில் இரண்டு பெண்கள் கணக்கைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று குருக்கள் பெரிய மனசு பண்ணிச் சலுகை கொடுத்தார்.

அப்படியே பதினோரு வருஷம் ஓடிப்போயிற்று. பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்தார்கள், டெல்லிக்கு, சென்னைக்கு, ஹைதராபாத்துக்கு. பௌர்ணமிக் கூட்டமும் வருஷத்துக்கு வருஷம் பெருத்தது, சிறப்புப் பேருந்தெல்லாம் விட்டார்கள். ஊரில் அவருக்கு 'வேண்டுதல் வாத்தியார்' என்று பெயரும் வந்தது. சனி ஞாயிறு வகுப்பைப் பற்றி எவனும் பேசுவதில்லை. விடிய விடியப் பிள்ளைகள் படித்ததைப் பற்றியும் பேச்சில்லை. சார் நடக்கிறார், சீட்டு கிடைக்கிறது, அவ்வளவுதான். ஒரு அப்பா வந்து, "பையனுக்கு டியூசன்லாம் டைம் இல்ல சார். நீங்க நடந்தா போதும்" என்றார். மாறன் சார் குடையைத் தூக்கிக்கொண்டு அடிக்கப் போனது அந்த ஒரு ஆளைத்தான். அந்த ஆளோ, சாமியார் கையால் அடி வாங்கினால்கூட நல்லதுதான் என்று நின்ற இடத்திலேயே நின்றார்.

இரண்டாயிரத்து நாலில் மாறன் சார் ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் தேறியவள் அபிநயா. ஆட்டோ ஓட்டுகிற காசியின் மகள். பதினைந்து வருஷத்தில் அப்படி ஒரு பிள்ளையை அவர் பார்த்ததில்லை. அவர் வேண்டுமென்றே சொன்ன தப்பை மறுப்பாள். அப்புறம் அவர் சரியென்று நினைத்துச் சொன்னதையும் மறுப்பாள். மறுத்து, அதுதான் தப்பு என்று நிரூபித்தும் விடுவாள். அந்த நாட்களில் சார் ராத்திரி சாப்பாட்டில் இரண்டு தோசை கூடுதலாகத் தின்பார். சாமி, ஜாதகம், சகுனம் எதுவும் அவளிடம் நடக்காது. "என் மன்றம் மொத்தமும் சேந்தாலும் இவளுக்கு ஈடாவாது" என்று சரோஜாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். சார் மலை சுற்றுவது ஊர்க்காரர்களின் பயத்தைச் சமாளிக்கத்தான் என்று அபிநயாவுக்கும் தெரியும். அதனால் அவரை மன்னித்து வைத்திருந்தாள்.

காசி தனியாக வந்தார்.

"சார், ஊர்ல ஒரு பேச்சு இருக்குது. நீங்க நடக்கறீங்க, ஆனா கும்பிட மாட்டேங்கிறீங்களாம். நம்பிக்கை இல்லாத நடை சாமி கணக்குல சேராதாம். போன வருசம் போன பொண்ணு மஞ்சக்காமாலை வந்து பாதியில திரும்பிச்சே, அதனாலதானாம்."

"அது அங்க தண்ணி சரியில்லய்யா!"

"எனக்கு அது தெரியாது சார். எனக்கு அவ ஒருத்திதான். அம்மா இல்லாத பொண்ணு." காசி ஒரு அடி கிட்டே வந்தார். "ஆன்மீகப் பேரவைல உங்களுக்குப் பட்டம் குடுக்கறதா இருந்தாங்களே, வேணாம்னுட்டீங்களாமே. ஒத்துக்குங்க சார். மேடைல நாலு பேருக்கு முன்னால, சாமிய நம்பறேன்னு சொல்லுங்க. அத என் காதால கேட்டுட்டா, நான் அவள அனுப்பிடறேன். இல்லன்னா என்னால முடியாது சார். ஆனா இத அவகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா, அப்டி ஒரு சீட்டே எனக்கு வேணாம்னுடுவா."

சொல்வாள்தான். அது மாறன் சாருக்கு நன்றாகத் தெரியும். அப்படிச் சொல்லும்படி வளர்த்துவிட்டதே அவர்தானே! கால் போயிற்று, மன்றம் போயிற்று, வாங்க வேண்டிய பெயரெல்லாம் சாமிக்குப் போயிற்று. நம்பாததை நம்புகிறேன் என்று சொல்லவில்லை என்கிற ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதையும் கேட்டுவிட்டார்கள்.

கடைவீதி வியாபாரிகள் நடத்துகிற பேரவை. கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. 'கிரிவலச் செம்மல்' என்று பட்டம், ஜரிகைச் சால்வை, நெற்றி நிறைய விபூதி. ஒலிபெருக்கியை அவர் முன்னால் வைத்தார்கள். காசி முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அபிநயா. சார் ஏதோ நையாண்டி பண்ணப்போகிறார் என்று ஆவலாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட படிச்ச புள்ளைங்க பெரிய பெரிய எடத்துக்குப் போனாங்க. அதுக்கு நான் காரணம் இல்ல" என்றார் மாறன் சார். தண்ணீர் குடித்தார். "எல்லாம் அண்ணாமலையார் செயல். நான் நம்பறேன்."

மண்டபம் அதிர்ந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" காசி எழுந்து நின்று குழந்தை மாதிரி அழுதார். அபிநயாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவள் கை தட்டவில்லை. எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு வெளியே போனாள். மாறன் சாரின் நெற்றியில் விபூதியைப் பார்க்க வேண்டும் என்று முப்பது வருஷம் மலை சுற்றிய சரோஜாவும் அழுதாள். "இப்டிப் பாக்கறதுக்கா வேண்டிக்கினேன்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வாரமே பயணம். சென்னை போகிற பஸ்ஸில் பெட்டியை ஏற்றியாயிற்று. மாறன் சாரும் சரோஜாவும் வழியனுப்ப வந்திருந்தார்கள். அபிநயா சரோஜாவிடம் பேசினாள், அப்பாவிடம் மாத்திரை வேளை தவறாமல் சாப்பிடச் சொன்னாள். சாரைப் பார்க்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுக்கிற நேரத்தில் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு மேடைல பொய் சொன்னீங்களா? இல்ல இத்தன வருஷமா கிளாஸ்ல பொய் சொன்னீங்களா?"

அவளுக்குப் பின்னால் காசி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் சேர்த்து, மகளுக்குத் தெரியாமல், சாரைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். மாறன் சார் அந்தக் கையைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், இந்தப் பெண்ணிடமாவது மானம் மிஞ்சும். அந்த ஒரு வார்த்தையில் பெட்டியும் கீழே இறங்கிவிடும்.

"கிளாஸ்லதாம்மா" என்றார்.

அபிநயா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"இல்ல சார். கிளாஸ்ல சொன்னது அத்தனையும் நான் யோசிச்சுப் பாத்துட்டேன். அதெல்லாம் சரிதான். நீங்கதான் சரியில்ல."

ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் நகர்ந்து, பஸ் ஸ்டாண்டு வளைவில் மறைந்தது.

மாறன் சாருக்கு நெஞ்சு வலித்தது. வலித்தது என்றால் உண்மையாகவே வலித்தது, சரோஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் முகத்தில் அடக்க முடியாத ஒரு பெருமையும் இருந்தது. இப்படி ஒரு பதிலை அந்த டெல்லிப் படிக்கட்டில்கூட அவர் கேட்டதில்லை.

காசி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"பௌர்ணமி வர்ற வியாழக்கெழம சார். மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேன்" என்றார் மாறன் சார்.